ஆற்றோரத் தாழ்நிலத்தில் மண் நிரப்ப நகர்மன்றம் அனுமதிக்கலாமா? வாக்கெடுப்புக்கு முன் கருத்து வேண்டும்

வார்டு_உறுப்பினர்

வணக்கம். நகர்மன்றத்துக்கு முதல்முறை தேர்வாகி எட்டு மாதம் ஆகிறது. அடுத்த கூட்டத்தில் மூன்று பொருள்கள் வருகின்றன. தனித்தனியாகத்தான் அச்சிட்டிருக்கிறார்கள். படிக்கப் படிக்க மூன்றும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்றே எனக்குத் தோன்றுகிறது.

முதலாவது, ஆற்றின் இடது கரையில் 12 ஹெக்டேர் தாழ்நிலம். இப்போது வெறும் புல்வெளி. அதில் சராசரியாக ஒன்றரை மீட்டர் மண் நிரப்பிக் குடியிருப்பு கட்ட விதித்தளர்வு கேட்கிறார்கள். இரண்டாவது, அந்தக் குடியிருப்பைக் காக்க ஆற்றோரமாக ஒரு கரை. மூன்றாவது, வடிகால் தூர் வாரும் ஒதுக்கீட்டில் ஒரு பகுதியைப் புதிய சாலைப் பணிக்கு மாற்றுவது.

முதல் பொருளோடு 140 பக்க நீரியல் அறிக்கை வைத்திருக்கிறார்கள். 'குறிப்பிடத்தக்க பாதிப்பு இல்லை' என்பது முடிவு. நான் பொறியாளர் இல்லை. ஆனால் கை தூக்க வேண்டியவள் நான். எதைக் கேட்க வேண்டும் என்று சொல்லுங்கள்.

மதகடி

அம்மா, முப்பது வருடம் நீர்ப்பணிகளில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். அறிக்கையைத் திறக்குமுன் ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 12 ஹெக்டேரை ஒன்றரை மீட்டரால் பெருக்கினால் 1,80,000 கன மீட்டர். அதாவது 18 கோடி லிட்டர். வெள்ளத்தன்று அந்தப் புல்வெளியில் ஒன்றரை மீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் நிற்குமானால், இத்தனை தண்ணீரை அது சில மணி நேரம் தன்னிடம் வைத்துக்கொள்கிறது. மண் நிரப்பிவிட்டால் அந்தத் தண்ணீருக்கு வேறு இடம் வேண்டும். அந்த வேறு இடம் யாருடைய வீடு என்பதுதான் கேள்வி.

தாழ்நிலம் இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, தண்ணீரைத் தேக்கி வைப்பது. இன்னொன்று, ஆறு பெருகும்போது கூடுதல் அகலம் கொடுத்துக் கடத்திவிடுவது. பெரும்பாலான அறிக்கைகள் இரண்டாவதை மட்டும் பார்க்கும். 'நீர்மட்டம் இரண்டு சென்டிமீட்டர்தான் உயர்கிறது' என்று எழுதும். தேக்கம் போனதால் கீழே உச்ச வெள்ளம் எவ்வளவு சீக்கிரம், எவ்வளவு கூடுதலாக வந்து சேரும் என்ற பக்கமே இருக்காது. முதலில் அந்தப் பக்கத்தைத் தேடுங்கள்.

கட்டுமானன்

எதிர்த்தரப்புக் குரலும் வேண்டும் என்பதால் எழுதுகிறேன். நான் வீடு கட்டும் தொழிலில் இருக்கிறேன். இந்தத் திட்டத்தோடு எனக்குத் தொடர்பில்லை. வீடு இல்லாமல் காத்திருப்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். மேட்டு நிலம் விலை ஏறிக் கிடக்கிறது. பத்து வருடத்துக்கு ஒருமுறை நனையும் புல்வெளியைத் தொடவே கூடாது என்றால், வேலைக்கு வருகிறவன் நகரத்தை விட்டு முப்பது கிலோமீட்டர் தள்ளித்தான் குடியிருக்க வேண்டும். அதுவும் ஒரு பாதிப்புதான். அதை யாரும் அறிக்கையாக எழுதுவதில்லை.

மண் நிரப்புவதற்கு ஈடாக வேறிடத்தில் தோண்டிக் குளம் அமைக்கலாம். பல இடங்களில் செய்கிறார்கள்.

மதகடி

நியாயமான பேச்சு. ஈட்டுத் தேக்கம் என்பது உண்மையான வழிதான், ஆனால் அதில் ஒரு பொறி இருக்கிறது. கொள்ளளவு மட்டும் சமமாக இருந்தால் போதாது, மட்டமும் சமமாக இருக்க வேண்டும். நிரப்பும் நிலம் ஆற்றுப்படுகையிலிருந்து நான்கு மீட்டருக்கும் ஐந்தரை மீட்டருக்கும் இடையில் இருக்கிறது என்று வையுங்கள். ஆறு நான்கு மீட்டரைத் தாண்டும்போதுதான் அங்கே தண்ணீர் ஏறும். அதாவது உச்சம் நெருங்கும் நேரத்தில். ஈடாக இரண்டு மீட்டர் மட்டத்தில் ஒரு குளம் தோண்டினால், வெள்ளம் தொடங்கிய முதல் மணி நேரத்திலேயே அது நிரம்பிவிடும். உச்சம் வரும்போது அங்கே ஒரு வாளித் தண்ணீருக்குக்கூட இடமிருக்காது. காகிதத்தில் 18 கோடி லிட்டர் ஈடாகியிருக்கும், ஆற்றில் ஆகியிருக்காது.

'மட்டத்துக்கு மட்டம் ஈடு' என்ற சொற்களைத் தீர்மானத்தில் எழுதச் சொல்லுங்கள். விண்ணப்பதாரர் அதை ஏற்றால் பேசலாம்.

தாழ்வாசல்

நான் பொறியாளரும் இல்ல, பில்டரும் இல்ல. ஆத்துக்குக் கீழ்ப்பக்கம் வாடகை வீட்ல இருக்கிறவன். ரெண்டு தடவ தண்ணி வந்திருக்கு. ரெண்டாவது தடவ ராத்திரி ரெண்டு மணி. அம்மாவ முதுகுல தூக்கிட்டுப் பக்கத்து மாடிக்குப் போனேன். முழங்கால் அளவுதான், ஆனா ஓடுற தண்ணி. கால் தரையில நிக்கவே இல்ல. நிக்கிற தண்ணிக்கும் ஓடுற தண்ணிக்கும் உள்ள வித்தியாசம் அன்னிக்குத்தான் தெரிஞ்சுது.

மொத தடவைக்கும் ரெண்டாவது தடவைக்கும் நடுவுல மேல்பக்கம் என்னென்ன கட்டினாங்கன்னு எங்களுக்குத் தெரியாது. எந்தக் கூட்டத்துல முடிவாச்சுன்னும் தெரியாது. எங்ககிட்ட யாரும் கேக்கல. மழை அதிகம்னு சொன்னாங்க. மழை அதிகம்தான். ஆனா மொத தடவையும் அதே அளவு மழைன்னு பேப்பர்ல போட்டிருந்துச்சே.

வார்டு_உறுப்பினர்

@தாழ்வாசல், தம்பி, இதை இரண்டு முறை படித்தேன். நன்றி. கூட்டத்தில் இதைப் பெயர் சொல்லாமல் வாசிக்கலாமா?

மற்றவர்களிடம் ஒரு கேள்வி. அறிக்கை '100 ஆண்டு வெள்ளத்துக்கு' வடிவமைத்ததாகச் சொல்கிறது. மூத்த உறுப்பினர் ஒருவர், 'போன பெருவெள்ளம் வந்து இருபது வருடம்தான் ஆகிறது, இன்னும் எண்பது வருடம் இருக்கிறது' என்றார். அது தவறு என்று தெரிகிறது. ஆனால் அவருக்குப் புரியும்படி எப்படிச் சொல்வது?

கணக்கு_வாத்தியார்

ஒரு பையில் 100 கோலிகள், அதில் ஒன்று மட்டும் சிவப்பு என்று சொல்லுங்கள். வருடத்துக்கு ஒருமுறை கையை விட்டு ஒரு கோலியை எடுத்துப் பார்த்துவிட்டு, திரும்பப் பைக்குள்ளேயே போட வேண்டும். போன வருடம் சிவப்பு வந்திருந்தாலும் இந்த வருடம் பையில் அதே 100 கோலிதான். 100 ஆண்டு வெள்ளம் என்றால் எந்த ஒரு வருடத்திலும் வர 1 சதவீத வாய்ப்பு என்பது மட்டுமே பொருள்.

30 வருடக் கடனில் வீடு வாங்குகிறவருக்கு இது என்ன ஆகும்? ஒரு வருடம் தப்பிக்க 0.99. முப்பது வருடமும் தப்பிக்க 0.99-ஐ முப்பது முறை பெருக்கினால் சுமார் 0.74. ஆக, கடன் அடைபடுவதற்குள் ஒருமுறையாவது அந்த வெள்ளத்தைப் பார்க்க 26 சதவீத வாய்ப்பு. நாலில் ஒன்று. எழுபது வருட ஆயுளுக்குப் பாதிக்குப் பாதி.

'100 ஆண்டு' என்ற சொல்லையே விட்டுவிடலாம் என்பது என் கருத்து. 'கடன் முடிவதற்குள் நாலில் ஒரு வாய்ப்பு' என்று மனுவில் அச்சிட்டால் எத்தனை உறுப்பினர்கள் கை தூக்குவார்கள் என்று பாருங்கள்.

நிலவரைபடம்

வாத்தியார் சொன்னதோடு இதையும் சேர்க்க வேண்டும்: அந்த 1 சதவீதமே எந்தப் பதிவுகளிலிருந்து வந்தது?

ஜெர்மனியில் ஆர் ஆற்றுப் பள்ளத்தாக்கில் 2021 ஜூலையில் 130 பேருக்கு மேல் இறந்தார்கள். அங்கே வெள்ள அபாய வரைபடம் இருந்தது. அது 1947-இல் தொடங்கிய, ஆற்றின் நீர்மட்டத்தை அளக்கும் அளவுமானியின் பதிவுகளை அடிப்படையாகக் கொண்டது. ஆனால் அதே பள்ளத்தாக்கில் 1804-லும் 1910-லும் பயங்கர வெள்ளங்கள் வந்து ஊர்களையே அடித்துப்போயிருந்தன. மானி வைப்பதற்கு முன்னால் வந்தவை என்பதால் அவை கணக்கில் ஏறவில்லை. தண்ணீர் வரைபடக் கோட்டைத் தாண்டி வந்தது.

உங்கள் அறிக்கையில் எந்த வருடத்திலிருந்து பதிவுகள் எடுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். அதற்கு முந்தைய வெள்ளங்களின் தடம் பழைய பாலத் தூண்களில், வழிபாட்டிடச் சுவர்களில், பழைய நாளேடுகளில் இருக்கும். ஆற்றோரம் பிறந்து வளர்ந்த எண்பது வயதுக்காரர் ஒருவரிடம் 'தண்ணீர் எதுவரை வந்தது' என்று கேட்டால் விரலை நீட்டிக் காட்டுவார். அந்த விரல் அறிக்கைக் கோட்டுக்கு மேலே இருந்தால், அதையும் மன்றத்தில் பதிவு செய்யுங்கள்.

கட்டுமானன்

சரி, மண் நிரப்புவது சிக்கல் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் இரண்டாவது பொருள் கரைதானே? கரை கட்டினால் பாதுகாப்பு கூடத்தானே செய்யும்? அதையும் ஏன் சந்தேகப்பட வேண்டும்?

மதகடி

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். கரை கட்டும் வேலையில்தான் என் வாழ்நாளில் பாதி போயிருக்கிறது. கரைக்கு நான் விரோதி இல்லை. ஏற்கெனவே ஆயிரம் வீடு இருக்கும் இடத்தைக் காக்கக் கரை வேண்டும். வீடே இல்லாத புல்வெளியைச் சுற்றிக் கரை கட்டி, அதற்குப் பிறகு வீட்டைக் கொண்டுவருவது வேறு விஷயம்.

கரை இருக்கிறது என்ற நம்பிக்கையில் அதன் பின்னால் ஆட்களும் சொத்தும் குவியும். சிறு வெள்ளம் எதுவும் உள்ளே வராததால் ஒரு தலைமுறைக்குள் மக்கள் ஆற்றையே மறந்துவிடுவார்கள். கரை தாங்காத ஒரு நாள் வரும்போது, கரையே இல்லாமலிருந்தால் ஆகியிருக்கும் சேதத்தைவிடப் பல மடங்கு ஆகும். புவியியலாளர் கில்பர்ட் வைட் 1940-களிலேயே இதை எடுத்துச் சொன்னார். அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றில் 'கரை ஒன்றே போதும்' என்று பல பத்தாண்டுகள் கட்டிக்கொண்டே போனார்கள். 1927-இல் பல இடங்களில் உடைந்தது. அதற்குப் பிறகுதான், 1928 சட்டத்தின் வழியாக, ஆற்றுக்கு வேண்டுமென்றே திறந்துவிடும் வழிகளை அமைக்கத் தொடங்கினார்கள். ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் 1974 வெள்ளத்துக்குப் பிறகு மேலே வைவென்ஹோ அணை வந்தது. இனி வெள்ளமில்லை என்ற எண்ணத்தோடு தாழ்வான இடங்களில் வீடுகள் பெருகின. 2011 ஜனவரியில் அவற்றுக்குள் தண்ணீர் புகுந்தது.

இன்னொன்றும் இருக்கிறது. பொதுமக்கள் இதை யோசிப்பதில்லை, சில சமயம் மன்றமும் யோசிப்பதில்லை. கரைக்குள்ளே பெய்கிற மழை எங்கே போகும்? சாதாரண நாளில் குழாய் வழியாக ஆற்றுக்குப் போகும். ஆறு பெருகும்போது தண்ணீர் திரும்பி உள்ளே வராதபடி அந்தக் குழாய் வாயிலுள்ள கதவு மூடிக்கொள்ளும். அப்போது உள்ளே பெய்ததெல்லாம் உள்ளேதான். ஒரு ஹெக்டேரில் 100 மில்லிமீட்டர் மழை என்றால் 10 லட்சம் லிட்டர். 12 ஹெக்டேருக்கு 1 கோடியே 20 லட்சம். அதை இறைக்கப் பம்பு வேண்டும், மின்சாரம் போனால் ஜெனரேட்டர் வேண்டும், அந்த ராத்திரியில் அதை இயக்க ஓர் ஆள் வேண்டும். இவற்றுக்கான செலவை வருடாவருடம் யார் கொடுப்பது என்று இரண்டாவது பொருளில் ஒரு வரி இருக்கிறதா?

வார்டு_உறுப்பினர்

தேடிப் பார்த்தேன் ஐயா. 'கட்டுமானத்துக்குப் பின் பராமரிப்பு நகர்மன்றத்திடம் ஒப்படைக்கப்படும்' என்று ஒரே ஒரு வரிதான் இருக்கிறது.

வடிகால்_காரர்

அந்த ஒரு வரியைப் பாத்ததும் எழுதாம இருக்க முடியல. பதினாறு வருஷமா வடிகால் பராமரிப்புல மேற்பார்வை வேலை. ஊரு எதுன்னு சொல்ல வேண்டாம், எல்லா ஊர்லயும் இதே கததான்.

புதுசா ஒண்ணு கட்டினா ரிப்பன் வெட்டலாம், கல்லுல பேர் போடலாம். தூர் வாரினா என்ன போடுவாங்க? எடுத்த சேத்தக் கரையில குவிச்சா அசிங்கமா இருக்குன்னு புகார்தான் வரும். அதனால பணம் கொறையும்போது மொத வெட்டு எங்க தலையிலதான். மூணாவது பொருளு அதுதாம்மா. ஒரு வருஷம் வாரலைன்னா வெளிய தெரியாது. ரெண்டாவது வருஷம் மண்ணு இறுகிடும். மூணாவது வருஷம் அதுல செடி மொளச்சு வேர் பிடிச்சிடும். அப்புறம் ஆளை வெச்சு எடுக்க முடியாது, மெஷின்தான். வருஷாவருஷம் வாரியிருந்தா ஆகியிருக்கிறதவிட ஜாஸ்தி செலவு.

வாரின சேத்த அன்னிக்கே லாரில ஏத்தணும். கரையில விட்டா அடுத்த மழைக்குப் பாதி திரும்ப உள்ள வந்துடும். டெண்டர்ல 'வாருதல்'னு மட்டும் போட்டு 'அகற்றுதல்'னு போடாம விட்டா அந்தப் பணம் பாதி வீண்.

மதகடி

தம்பி சொன்னதற்கு எண் கொடுக்கிறேன், மன்றத்தில் பயன்படும். வட்டக் குழாயில் அடிப்பாதி வண்டலால் அடைந்திருக்கிறது என்று வையுங்கள். பாதித் தண்ணீர் போகும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். போகாது. குறுக்குப் பரப்பு பாதியாகிறது, ஆனால் உராயும் பரப்பு அந்த அளவுக்குக் குறைவதில்லை. குழாயில் எவ்வளவு தண்ணீர் ஓடும் என்று கணக்கிடும் மேனிங் சூத்திரத்தில் போட்டுப் பார்த்தால் முழுக் குழாய் கொண்டுபோவதில் 36 சதவீதம்தான் வருகிறது. வண்டல் மேற்பரப்பு சொரசொரப்பானது என்பதால் நடைமுறையில் அதற்கும் கீழே. பாதி அடைத்தால் மூன்றில் ஒரு பங்கு.

ஆகவே பாதி அடைத்த வடிகாலுக்கு இணையாகப் புது வடிகால் கட்டக் கேட்கும்போது, 'பழையதைச் சுத்தம் செய்தால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும்' என்று முதலில் கேளுங்கள்.

வார்டு_உறுப்பினர்

மூன்றும் ஒன்று என்று எனக்குத் தோன்றியது சரிதான் போலிருக்கிறது. ஆனால் 'வேண்டாம்' என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார முடியாது. @கட்டுமானன் சொன்ன வீட்டுத் தேவை உண்மை. வேறு மன்றங்கள் எங்காவது இதில் வேறு வழியில் போயிருக்கின்றனவா?

நிலவரைபடம்

போயிருக்கின்றன. அதிகம் பேசப்படுவது நெதர்லாந்து. 1995-இல் சுமார் இரண்டரை லட்சம் பேரை வெளியேற்ற வேண்டி வந்த பிறகு, கரையை மேலும் உயர்த்துவதற்குப் பதிலாக ஆற்றுக்கு இடம் விடுவது என்று முடிவெடுத்தார்கள். நைமேகன் நகரில் வால் ஆற்றின் கரையை 350 மீட்டர் உள்ளே தள்ளி, பக்கக் கால்வாய் ஒன்று வெட்டினார்கள். அதற்காக சுமார் 50 வீடுகள் போயின. அந்த வீட்டுக்காரர்கள் எதிர்த்தார்கள், பல ஆண்டுகள் பேச்சு நடந்தது. சிங்கப்பூரில் பிஷான் பூங்காவில் 2.7 கிலோமீட்டர் நேர்க் கான்கிரீட் கால்வாயை உடைத்து வளைந்தோடும் ஆறாக 2012-இல் மாற்றினார்கள். மழை வரும்போது பூங்காவே ஆற்றின் அகலமாகிவிடும்.

எனக்கு முக்கியமாகப் படுவது டல்சா. அமெரிக்காவில் ஓக்லஹோமா மாநிலத்து நகரம். 1984 மே மாத வெள்ளத்தில் அங்கே 14 பேர் இறந்தார்கள். அதன் பிறகு நகராட்சி செய்ததில் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். திரும்பத் திரும்ப மூழ்கும் வீடுகளை விலை கொடுத்து வாங்கி இடித்துத் திறந்தவெளியாக விட்டார்கள். காலப்போக்கில் அப்படி ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டடங்கள். அடுத்து, 1986-இல் மழைநீருக்கென்றே தனிக் கட்டணம் கொண்டுவந்தார்கள். அதில் வரும் பணம் மழைநீர்ப் பணிகளுக்கே. @வடிகால்_காரர் சொல்லும் 'மொத வெட்டு எங்க தலையில' என்ற நிலைக்கு அதுதான் பதில்.

கட்டுமானன்

எல்லாம் பணக்கார நாடுகள். சின்ன ஊர் என்ன செய்யும்?

நிலவரைபடம்

நாடு பணக்கார நாடுதான், மறுக்கவில்லை. ஆனால் ஆஸ்திரேலியாவில் கிரந்தம் என்பது மிகச் சின்ன ஊர். 2011 ஜனவரியில் அடித்துப்போனது. அங்குள்ள உள்ளாட்சி மன்றம் பக்கத்து மேட்டில் நிலம் வாங்கி, தாழ்நிலத்தைக் கொடுப்பவருக்கு மேட்டில் மாற்று மனை என்று அறிவித்தது. யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. மனைகளைக் குலுக்கலில் கொடுத்தார்கள். அதே வருடக் கடைசியில் முதல் குடும்பங்கள் மேட்டில் குடியேறிவிட்டன. பணத்தைவிட அங்கே வேலை செய்தது வேகம் என்று நினைக்கிறேன். மக்கள் பழைய இடத்திலேயே திரும்பக் கட்டத் தொடங்குவதற்குள் மாற்று கண்முன் இருந்தது.

தாழ்வாசல்

வீடு வாங்குறாங்க, மனைக்கு மனை தர்றாங்க. சரி. வாடகைக்கு இருக்கிறவனுக்கு? எங்க தெருவுல பாதிக்கு மேல வாடகைதான். சொந்தக்காரருக்குப் பணம் வரும், எங்களுக்கு 'காலி பண்ணு'ன்னு நோட்டீஸ் வரும். போற இடமும் வாடகை கம்மியா இருக்கிற இன்னொரு பள்ளமாத்தான் இருக்கும். இத யாராவது தீர்மானத்துல எழுதுவாங்களா?

கட்டுமானன்

தம்பி சொல்வது நியாயம். மேட்டில் கட்டும் அனுமதியில் ஒரு பங்கு வாடகை வீடாக இருக்க வேண்டும் என்று மன்றம் நிபந்தனை போடலாம். என்னைப் போன்றவர்கள் முணுமுணுப்போம், ஆனால் கட்டுவோம். மாடி உயரத்தில் தளர்வு கொடுத்தால் கணக்கும் ஒத்துவரும். ஆற்றோரத்தில் கொடுக்க நினைக்கும் தளர்வை மேட்டில் கொடுங்கள் என்று கேட்கலாம். இந்த இழையைத் தொடங்கியபோது நான் இதைச் சொல்லியிருக்க மாட்டேன்.

மதகடி

அம்மா, கூட்டத்துக்குப் போகுமுன் கடைசியாக இரண்டு விஷயம். ஒரு மனுவுக்குக் கொடுக்கும் தளர்வு அந்த ஒரு மனுவோடு நிற்காது. அமெரிக்க மத்திய விதியில், ஓரங்களை நிரப்புவதால் நீர்மட்டம் ஒரு அடி, அதாவது சுமார் 30 சென்டிமீட்டர் வரை உயரலாம் என்று ஒரு வரம்பு உண்டு. ஒவ்வொரு மனுவும் 'என்னுடையது இரண்டு சென்டிமீட்டர்தான்' என்று வரும். பதினைந்தாவது மனுவில் அந்த ஒரு அடியும் தீர்ந்திருக்கும். அதனால் 'இதுவரை கொடுத்த தளர்வுகள் எல்லாம் சேர்ந்து எவ்வளவு' என்று கேளுங்கள். அந்தப் பட்டியல் அலுவலகத்தில் இல்லையென்றால், இல்லை என்பதையே நடவடிக்கைக் குறிப்பில் ஏற்றுங்கள்.

இரண்டாவது, அறிக்கையில் உள்ள ஆற்று மாதிரி, அதாவது ஆற்றோட்டத்தைக் கணினியில் போட்டுப் பார்க்கும் கணக்கு, கீழ்ப்பக்கம் எங்கே முடிகிறது? மாதிரிக்கு ஒரு மேல்முனையும் ஒரு கீழ்முனையும் இருக்கும். கீழ்முனைக்கு அப்பால் என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது. 'குறிப்பிடத்தக்க பாதிப்பு இல்லை' என்பது அந்த இரு முனைகளுக்கு நடுவில் மட்டும் செல்லும் வாக்கியம். பின்னிணைப்பில் குறுக்குவெட்டுகளின், அதாவது ஆற்றைக் குறுக்காக அளந்த இடங்களின், பட்டியல் இருக்கும். அதில் கடைசி எண் எந்த இடம் என்று பாருங்கள்.

வார்டு_உறுப்பினர்

பார்த்தேன் ஐயா. கடைசிக் குறுக்குவெட்டு பழைய பாலத்தில். அதற்குக் கீழே எதுவும் இல்லை.

@தாழ்வாசல், தம்பி, இவ்வளவு நேரம் நீங்கள் 'ஆத்துக்குக் கீழ்ப்பக்கம்' என்று எழுதியதை உங்கள் ஊர்க் கதையாகவே படித்துக்கொண்டிருந்தேன். அறிக்கையில் எங்கள் ஊரின் அந்தப் பகுதியே இல்லை. பாலத்துக்குக் கீழே எங்கள் பக்கம் மூன்று தெருக்கள் இருக்கின்றன.

தாழ்வாசல்

அக்கா, அந்த மூணு தெருக்காரங்களுக்குக் கூட்டம் எப்பன்னு தெரியுமா?

வார்டு_உறுப்பினர்

தெரியாது. நாளைக்குக் காலையில் நானே போய்ச் சொல்கிறேன். ஒத்திவைப்புக் கோரும் திருத்தத்தை இன்றிரவு எழுதுகிறேன்: மாதிரியைப் பாலத்துக்குக் கீழே, அடுத்த ஓடை வந்து கலக்கும் இடம்வரை நீட்டி மறுபடி கணக்கிட வேண்டும், இதுவரை தந்த தளர்வுகளின் பட்டியலை வைக்க வேண்டும், தூர் வாரும் ஒதுக்கீட்டைத் தொடக்கூடாது. @மதகடி, ஐயா, ஓடை கலக்கும் இடம்வரை போதுமா, இன்னும் கீழே போக வேண்டுமா?

மதகடி

ஓடையைத் தாண்டி இன்னும் ஒரு பாலம்வரை போங்கள். ஓடையும் ஆறும் ஒரே நேரத்தில் பெருகும் நிலையையும் சேர்க்கச் சொல்லுங்கள். வரைவை இங்கேயே போடுங்கள், ராத்திரி விழித்திருப்பேன்.